பதினைந்து கிலோ இலுப்பை அரப்பு

1

நான் ஜெர்மன் குடிமகனாகி இந்த வாரத்தோடு ஓராண்டு முடிகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் மனைவி கவிதா வாசலில் நின்று, "ஹேப்பி ஆனிவர்சரி" என்றாள். கல்யாண நாளை மறந்துவிட்டேனோ என்று ஒரு கணம் பதறிப்போனேன். பிறகுதான் புரிந்தது. அவள் கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. காலண்டரில் குறித்து வைத்திருந்தாள், கண்ணில் பட்டது, சொன்னாள், காரை எடுத்துக்கொண்டு வால்டோர்ஃபுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. எங்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததே அந்த வேலைதான்.

குடியுரிமை வாங்கிய கதையை எழுதச் சொல்லி ஊரில் இருக்கும் நண்பர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். என்னென்ன காகிதம், எத்தனை மாதம், பரீட்சை கஷ்டமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். எழுதுகிறேன். ஆனால் படித்துவிட்டு யாரும் என்மேல் பொறாமைப்பட மாட்டீர்கள், அதற்கு நான் உத்தரவாதம்.

நாங்கள் இருக்கும் சிற்றூரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். என் மகள் தாரிணிக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மூன்று மாதம் அழைத்துப் போனோம், அப்புறம் நீச்சல் வந்தது, பியானோ வந்தது, விட்டுவிட்டோம். அப்போது அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. இப்போது அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் படித்தது மீன்வளம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மீன் பண்ணையில் ஒன்பது வருஷம் கள அலுவலராக இருந்தேன். பத்துப் பதினைந்து கிராமங்களில் குளம் வைத்திருப்பவர்கள் எனக்குப் பழக்கம். டூவீலரில் போய் இறங்கினால் "மீன் சார் வந்துட்டாரு" என்று இளநீர் வெட்டுவார்கள்.

எங்கள் தொழிலில் கெண்டைக் குஞ்சு விடுவதற்கு முன் குளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் என்றால் குப்பை அள்ளுவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் வேண்டாத மீன்களைக் கொல்வது. விரால், கெளுத்தி மாதிரி குஞ்சைத் தின்பவை ஒரு வகை. குஞ்சைத் தொடாமல் இரையை மட்டும் பங்கு போடும் பொடி மீன்கள் இன்னொரு வகை. இவற்றைக் களைமீன் என்போம். அதற்கு இலுப்பைப் புண்ணாக்கை ராத்திரி ஊறவைத்து, காலையில் வெயில் ஏறியதும் கரைத்து வீசுவோம். அதிலிருக்கும் நுரைக்கும் சத்து மீனின் செவுளில் ஏறி ரத்தத்தைக் கெடுக்கும். இரண்டு மணி நேரத்தில் மேலே வந்து வாயைப் பிளக்கும். அந்த மீனை அள்ளி விற்கலாம், சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று வாரத்தில் விஷம் போய், அதே புண்ணாக்கு குளத்துக்கு உரமாகிவிடும். இறாலை அது ஒன்றும் செய்யாது. இப்படி ஒன்றைக் கொன்று ஒன்றை விட்டுவைக்கும் மருந்துக்குக் கல்லூரியில் 'செலக்டிவ்' என்று ஒரு தனிப் பாடமே உண்டு.

அந்தப் புண்ணாக்கை இடித்து எடுத்த தூள்தான் எங்கள் பக்கம் அரப்பு. எண்ணெய் தேய்த்துக்கொண்டால் தலைக்கு அதைத்தான் போடுவோம். இதையும், இதை நான் மனதில் விஷம் என்று நினைத்ததே இல்லை என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கவிதாவுக்கு ஜெர்மனி வேலை வந்தபோது தாரிணிக்கு ஐந்து வயது. நான் பட்டச் சான்றிதழை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் ஜெர்மன் கற்க ஆரம்பித்திருந்தேன். "நான் மீன் படித்தவன்" என்று சொல்லப் போய் "நான் மீன்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சிரிக்காமல் கணினியில் ஏதோ தட்டிப் பார்த்து, பக்கத்து ஊர் சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டும் இடத்தில் ஆள் தேவை என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கடைசியில் தோட்டச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையில், தொட்டி மீன் பகுதியில் அரைநாள் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அதே வேலைதான். காலையில் போய் ஐம்பத்திரண்டு தொட்டிகளிலும் செத்ததை எடுப்பேன். பிறகு கப்பி மீனை வலைபோட்டுப் பிடித்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பேன். மீதி அரைநாள் வீடு. சமையல், பள்ளிக்கூடம், மகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாம் நான்தான். அரப்புக் கண்ணில் பட்டு அவள் போடும் கூச்சலில் கீழ்வீட்டு அம்மாள் ஒருதடவை மேலே ஏறி வந்து குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். பத்து வயதானதும் "எனக்கு ஷாம்பூ போதும்" என்றாள். அதோடு முடிந்தது.

3

இந்த ஊரில் என்னை முதன்முதலில் ஆளாக மதித்தது மீன்பிடி சங்கம். இங்கே தூண்டில் போடக்கூட பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும். குடியுரிமைக்கான மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்ற நான் மீன்பிடித் தேர்வில் ஒரே தடவையில் பாஸ். விஷம் வைத்து மீன் பிடிக்கலாமா என்று ஒரு கேள்வி இருந்தது. கூடாது என்று சரியாகக் குறித்தேன். டெமக்ரான் பூச்சிமருந்து, ப்ளீச்சிங் பவுடர் என்று எங்கள் ஊர்த் திருட்டுப் பயல்கள் ஆற்றில் ஊற்றுவதுதான் அப்போது மனதில் வந்தது.

சங்கத்துக்கு ஒரு சின்ன வளர்ப்புக் குளம் உண்டு. ஊருக்கு வெளியே ஓடும் ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்து, குஞ்சு வளர்த்து, பெரிய ஏரியில் விடுவார்கள். அந்தக் குளத்தில் ஒரு களைமீன் புகுந்திருந்தது. விரல் நீளம்தான். கிழக்காசியாவிலிருந்து யாரோ வாங்கிய கெண்டைக் குஞ்சோடு கலந்து ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும், தான் மட்டும் பெருகும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் குளத்தை வடித்துக் காயப்போட்டார்கள். சேற்றுக்குள் ஒரு குட்டை மிச்சமிருந்தால் போதும், வசந்தத்தில் மறுபடியும் ஆயிரமாக நிற்கும்.

சங்கத் தலைவர் யூர்கன், ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "நீ இதைப் படித்தவன்தானே, உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். பதின்மூன்று வருஷத்தில் இந்த நாட்டில் என்னை யாரும் கேட்காத கேள்வி. எழுந்து நின்று பேசினேன். அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் லாம்ப்ரே என்றொரு ஒட்டுண்ணி, தாடையில்லாத விலாங்கு போன்றது, மீன்களின் ரத்தத்தை உறிஞ்சி அழித்தது. அதன் குட்டிகள் வளரும் ஓடைகளில் ஒரு மருந்தை அளந்து விடுகிறார்கள். மற்ற மீன்களின் உடம்பு அதை முறித்துவிடும், லாம்ப்ரேக்கு முறிக்கத் தெரியாது, செத்துவிடும் என்று சொன்னேன். இந்தியாவில் புண்ணாக்கு என்றும் சொன்னேன்.

"அதெல்லாம் இங்கே கூடாது. மருந்தைப் பற்றி நினைக்கவே நினைக்காதே" என்றார் யூர்கன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

இங்கேதான் நான் நம்மூர்க்காரனாக யோசித்தேன். நம்மூரில் ஓர் அலுவலகத்துக்குப் போனால் முதலில் காதில் விழுவது "அதெல்லாம் முடியாதுங்க" என்பதுதான். அங்கிருந்துதான் பேச்சே தொடங்கும். முடியாது என்றவரே மறுவாரம் முடித்துக் கொடுப்பார். கூட்டத்தில் தலைவர் அப்படித்தான் சொல்லியாக வேண்டும், காரியம் நடந்து குளம் சுத்தமாகக் கிடந்தால் தோளில் தட்டுவார் என்று நினைத்துக்கொண்டேன். போதாததற்கு, அவர்கள் கூடாது என்றது மருந்தை. நான் போடப்போவது தலைக்குத் தேய்ப்பது.

யூர்கன் கூடாது என்று சொன்னபோது கூடாது என்றுதான் சொன்னார். இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பதின்மூன்று வருஷம் போதவில்லை.

4

தாரிணி பள்ளி முடித்துவிட்டு ஒரு வருஷம் சுற்றுச்சூழல் சேவை செய்தாள். இங்கே பிள்ளைகள் கல்லூரிக்கு முன் அப்படிப் போவார்கள், கைச்செலவுக்கு ஏதோ கொடுப்பார்கள். எங்கள் மாவட்டத்து ஓடைகளைக் கண்காணிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்தாள். பதின்மூன்று பதினான்கு வயதில் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்ட பெண். கேட்டால் ஒற்றை வார்த்தையில், அதுவும் ஜெர்மனில் பதில் வரும். அந்த வருஷம் திடீரென்று என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். காரணம் மீன்.

ஒருநாள் வெள்ளைத் தட்டில் கொஞ்சம் மணலும் தண்ணீருமாக ஒன்றைக் கொண்டுவந்தாள். பென்சில் தடிமனில், மண்ணிறத்தில், புழு மாதிரி நெளிந்தது.

"அப்பா, இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

குனிந்து பார்த்தேன். கண்ணில்லை. வாய் குதிரைக் குளம்பு வடிவத்தில் இருந்தது. தலைக்குப் பின்னால் ஏழு ஓட்டைகள்.

"லாம்ப்ரே குட்டி. எங்க புக்ல எதிரிகள் பக்கத்துல இதோட படம் இருக்கும்."

"எதிரியா? இது யாரோட ரத்தத்தையும் குடிக்காதுப்பா. நம்ம ஓடையில இருக்கிறது வேற வகை. அஞ்சாறு வருஷம் மணலுக்குள்ளயே கண்ணு தெரியாம இருக்கும். அப்புறம் கண்ணு வரும், ஒரே ஒரு வசந்தம், முட்டை போட்டுட்டுச் செத்துரும். பெரிசானப்புறம் சாப்பிடவே சாப்பிடாது."

இங்கே அதற்கு 'ஒன்பது கண்' என்று பெயர். ஒரு பக்கத்து ஓட்டைகள் ஏழையும் மூக்குத் துளையோடும் கண்ணோடும் சேர்த்து எண்ணி யாரோ வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். அமெரிக்காவில் அதன் சொந்தக்காரனைக் கொல்ல மருந்து ஊற்றுவதை நான் விளக்கினேன். செலக்டிவ் என்பதைப் பெருமையாகச் சொன்னேன்.

"செலக்டிவ்னா, யாருப்பா செலக்ட் பண்றது?" என்றாள்.

இதை வைத்து ஓர் உவமை எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டப்பட்டவன், வேண்டப்படாதவன், வந்தேறி என்றெல்லாம் நீட்டலாம். வேண்டாம். நான் செய்ததை உவமைக்குள் ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஓடையில் சல்லடை போட்டு அந்தக் குட்டிகளை எண்ணுவது அவள் வேலை. எந்த வளைவில், எந்த மணல் திட்டில் எத்தனை என்று அவளுக்கு மனப்பாடம். அடுத்த இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்தில் உயிரியல் சேர விண்ணப்பித்தாள். "உங்க வேலைதான்ப்பா நானும் பண்ணப்போறேன், கொஞ்சம் வேற மாதிரி" என்றாள். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சின்னப் பையன் மாதிரி அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

5

போன வருஷம் ஏப்ரல் மாதம். சங்கத்தில் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் உடலுழைப்புத் தர வேண்டும். அந்த வாரம் குளத்துச் சாவி என் கையில் இருந்தது.

அரப்பை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். மான்ஹைம் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையின் கடை. பதினைந்து கிலோ வேண்டும் என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பதினைஞ்சு கிலோவோ? எத்தனை தலை முழுகப் போறியள்?"

"சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுக்கணும் அண்ணை."

"சரி, கொழும்புச் சாமானோட சொல்லி எடுப்பிச்சுத் தாறன். பிறகு வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது, ஓமோ?"

வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துப் போனேன். முதல்நாளே பெரிய வாளிகளில் ஊறவைத்திருந்தேன். குளத்தின் வடிகால் பலகைகளை இறுக்கி, இடுக்குகளில் களிமண் அப்பினேன். ஓடையிலிருந்து வரும் மடையை அடைத்தேன். நீரளவைக் கணக்குப் போட்டது சரியாக இருந்தது. பதினைந்து வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வீசினேன். வெயில் இருந்தது. குளம் முழுக்க நுரை கட்டியது. அந்த வாசனை என்னை நேராகப் பட்டுக்கோட்டைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. இந்த நாட்டுக்கு வந்தபின் அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு காரியமும் செய்ததில்லை. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

மதியத்துக்குள் பொடி மீன்கள் மேலே வந்தன. வலையால் அள்ளிக் குழிதோண்டிப் புதைத்தேன். மூன்று வாரத்தில் குளம் பச்சை பிடிக்கும், யூர்கனைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இடி இடித்து மழை கொட்டியது. தஞ்சாவூரில் ஏப்ரல் மாதம் குளத்துக்கு மழை வரும் என்று யாரும் கணக்குப் போட மாட்டார்கள். நானும் போடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மடை உடைந்து ஓடைத் தண்ணீர் குளத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. மறுபக்கம் பலகைக்கு மேலே பழுப்பு நுரையாக வழிந்து ஓடைக்கே திரும்பிப் போனது. கையால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். நிற்கவில்லை. அப்போதே யாருக்காவது போன் செய்திருக்கலாம். வீட்டுக்குப் போய்க் குளித்தேன்.

6

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தாரிணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு. ஓடையில் மீன் செத்து மிதக்கிறது. அவள் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினாள்.

பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை. சமையலறைத் தரையெல்லாம் சேறு. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகில் பையோடு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"மணலுக்குள்ளேர்ந்து எல்லாம் வெளியில வந்துருச்சுப்பா. அதுங்க வெளியவே வராது. எல்லாம் மேல வந்து கிடக்கு."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"கரையில நுரை ஒதுங்கியிருந்துச்சு. கையில எடுத்து மோந்து பார்த்தேன். எனக்குக் கண்ணெல்லாம் எரிஞ்சுது. எரியவே இல்லை, ஆனா எரிஞ்ச மாதிரி இருந்துச்சு. சனிக்கிழமை, பாத்ரூம், நீங்க என் தலையைப் பிடிச்சுக்கிட்டு..." பையின் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே?" என்றாள்.

"மழை பெய்யும்னு நினைக்கலம்மா" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் குடியுரிமைக் கதையைச் சொல்லியாக வேண்டும். கவிதாவுக்கும் தாரிணிக்கும் நான்கு வருஷம் முன்பே கிடைத்துவிட்டது. நான் மொழித் தேர்வில் தேறுவதற்குள் அவ்வளவு காலம் ஆகிவிட்டது. விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருஷம் காத்திருந்து, அந்த வாரம் வியாழக்கிழமை சான்றிதழ் வாங்க நாள் கொடுத்திருந்தார்கள். உங்கள்மேல் ஏதாவது விசாரணை இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். விசாரணை என்று வந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். ஓடையை நஞ்சாக்குவது இங்கே கிரிமினல் குற்றம்.

"போய்ச் சொல்லிருங்கப்பா. இன்னைக்கே. நான் கூட வர்றேன்."

"சொல்றேன். கண்டிப்பா சொல்றேன். வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கம்மா. மூணே நாள். அதுக்கப்புறம் நானே போய்ச் சொல்லிடறேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். பிறகு எழுந்து, பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். சேற்றுத் தடத்தை நான் துடைத்தேன்.

சாயங்காலம் கவிதாவிடம் சொன்னேன். "நடந்தது நடந்து போச்சு. வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கு வேண்டிய வார்த்தையைத்தான் அவள் சொன்னாள்.

7

வியாழக்கிழமை கோட் போட்டுக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அரசியல் சட்டத்தையும் இந்த நாட்டின் சட்டங்களையும் மதிப்பேன், நாட்டுக்குக் கேடு தரும் எதையும் செய்யமாட்டேன் என்று வாய்விட்டு உறுதிமொழி சொல்ல வேண்டும். அந்த ஜெர்மன் வாக்கியத்தை இரண்டு வாரமாகத் தாரிணிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னேன். அதிகாரி பாராட்டினார். தாரிணி வரவில்லை. கவிதா படம் எடுத்தாள். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் பலர் அதற்கு வாழ்த்துப் போட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. திங்கட்கிழமையும் போகவில்லை. இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம், புதிய பாஸ்போர்ட் வந்த பிறகு போகலாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். தாரிணி ஒரு முறைகூட ஞாபகப்படுத்தவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

தண்ணீர் மாதிரியைச் சோதித்தார்கள். அவர்களுடைய பட்டியலில் பூச்சிமருந்து இருந்தது, களைக்கொல்லி இருந்தது. தலைக்குத் தேய்க்கும் அரப்பு இல்லை. ஒன்றும் அகப்படவில்லை. குளத்துக்கு மேலே மாடு வைத்திருக்கும் ஒரு விவசாயி மீது சந்தேகம் போயிற்று. சாணிக் கரைசலை மழையில் ஓடைக்குத் திறந்து விட்டிருப்பார் என்றார்கள். நிரூபிக்க வழியில்லாமல் விசாரணையை மூடினார்கள். சங்கத்தார் வருஷாவருஷம் அவருடைய புல்வெளியில் வைக்கும் கோடை விருந்தை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அவர் தொட்டி அன்று பூட்டியிருந்தது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். யூர்கன் என் தோளில் தட்டினார், நான் எதிர்பார்த்த மாதிரியே. "உன் குளமும் போய்விட்டதே, பாவம்" என்றார். நஞ்சு மேலிருந்து ஓடை வழியாக வந்து குளத்தையும் அழித்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். மேலிருந்து வந்தது என்று ஏன் அவ்வளவு உறுதியாக நம்பினார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்துகொள்ள முயலவுமில்லை.

கோடையில் தாரிணிக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. மறுத்து எழுதிவிட்டாள். ஹம் நகரில் ஒரு வங்கியில் ஆவுஸ்பில்டுங், அதாவது வேலையோடு சேர்ந்த தொழிற்படிப்பு, சேர்ந்துவிட்டாள். ரயிலில் நாலைந்து மணி நேரம். ஏன் என்று கேட்டேன். "எனக்கு ஓடையைப் பார்க்கப் பிடிக்கலப்பா" என்றாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள், அம்மாவுக்கு. "அப்பா எப்படி இருக்காரு" என்று கேட்பது ஸ்பீக்கரில் எனக்குக் கேட்கும்.

என் பெண் என்னைக் கைவிட்டதற்கு நான் வாக்குத் தவறியதுதான் காரணம் என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தேன்.

8

இந்த ஆண்டு நிறைவு நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் அந்த விவசாயி எங்கள் கடைக்கு வேலிக்கம்பி வாங்க வந்து, என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். அன்று மதியமே மாவட்ட நீர் அலுவலகத்தில் இணையம் வழியாக ஒரு டெர்மின், அதாவது நேரில் பார்க்க நேரம், எடுத்தேன். புதன்கிழமை பத்தரை மணி. விஷயம் என்ற இடத்தில் 'தகவல் தர' என்று போட்டேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. இனி தாரிணி திரும்பி வருவாள் என்றே நினைத்தேன். நேற்று அவளுக்கு நானே போன் செய்தேன்.

"தாரிணி, புதன்கிழமை போறேம்மா. நீர் அலுவலகத்துக்கு. எல்லாத்தையும் சொல்லப்போறேன்."

அவளுக்குப் பின்னால் ரயில் நிலைய அறிவிப்பு கேட்டது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல. சொல்லிக்கிறேன்."

"வேணாம்ப்பா."

எனக்காகப் பயப்படுகிறாள் என்று எண்ணி உற்சாகமாகிவிட்டேன். அபராதம் போட்டாலும் பரவாயில்லை, குடியுரிமையைப் பிடுங்கினாலும் பரவாயில்லை, அந்த விவசாயியிடமும் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று ஒரே மூச்சில் பேசினேன்.

"அப்பா, நிறுத்துங்க. நான் சொல்றதைக் கேளுங்க." அவள் குரல் எதையோ படித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. "மீன் செத்தா ஒரு ஃபார்ம் எழுதணும். எங்க சீஃப் கீழ தண்ணி எடுத்துக்கிட்டு இருந்தாரு. எங்கேர்ந்து செத்திருக்குன்னு மேல நடந்து போய்ப் பாருன்னு என்னை அனுப்பினாரு. மேப்ல க்ராஸ் போடணும். குளத்தோட வடிகால்லேர்ந்துதான் செத்திருந்துச்சு. அதுக்கு மேல எல்லாம் உயிரோட இருந்துச்சு. நான் க்ராஸை அங்க போடல. மேல, அந்த விவசாயியோட வாய்க்கால் வந்து சேருதுல்ல, அங்க போட்டேன். வாசனை இருந்துச்சான்னு ஒரு கேள்வி. இல்லைன்னு போட்டேன். கையெழுத்துப் போட்டேன்."

"எப்போ?" என்றேன்.

"அன்னைக்குக் காலையில. வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி."

"தாரிணி..."

"ஆனா குடுக்கலப்பா. வீட்டுக்கு வந்தேன்ல, அப்ப அது என் பையில இருந்துச்சு. நீங்க இன்னைக்கே போலாம்னு சொல்லியிருந்தா கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதியிருப்பேன். நீங்க வியாழக்கிழமைன்னீங்க. அப்புறம்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும்.

"இப்ப நீங்க போய்ச் சொன்னா அந்த ஃபார்மை எடுப்பாங்க. நான் எழுதினதுன்னு தெரியும். எனக்கு பேங்க் வேலையும் போயிரும். நீங்க சொல்லணும்னா சொல்லுங்க, நான் தடுக்கல. ட்ரெயின் வந்துருச்சுப்பா, வைக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

மடியில் பையை வைத்துக்கொண்டு அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நேற்று இரவு முழுக்க நினைத்தேன். ஒரு நிமிஷம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் பை இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண், தான் பெயர் தெரிந்து எண்ணி வைத்திருந்த உயிர்கள் செத்துக் கிடந்த கரையில் உட்கார்ந்து, அப்பனுக்காக முதல் பொய்யை எழுதியிருக்கிறாள். எழுதியதை அழிக்க அப்பனிடம் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்திருக்கிறாள். நான் நாள் கேட்டேன். அந்த விவசாயிக்கும் இனி என்னால் நியாயம் செய்ய முடியாது. அவரைக் காப்பாற்ற என் பெண்ணைக் கொடுக்க வேண்டும். நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

இன்று காலை கவிதா கிளம்பிப் போன பிறகு கணினியைத் திறந்தேன். டெர்மினை ரத்து செய்வது எடுப்பதைவிட எளிது. காரணம் கேட்டு நான்கு தேர்வுகள் கொடுத்திருந்தார்கள். உடல்நலக் குறைவு, நேரம் ஒத்துவரவில்லை, வேறு அலுவலகத்தை அணுகிவிட்டேன், விஷயம் தீர்ந்துவிட்டது. கடைசித் தேர்வை அழுத்தினேன். அடுத்த நிமிஷமே, நேரத்தோடு தெரிவித்ததற்கு நன்றி, உங்கள் இடத்தை இன்னொருவருக்கு ஒதுக்கியிருக்கிறோம் என்று மின்னஞ்சல் வந்தது.